மூளையில் புதிதாய்ப் பிறப்பவை: சாயங்கள் சொன்ன சாட்சியம்

1962 இல் ஜோசப் ஒல்ட்மன் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்விதான்: வளர்ந்த பாலூட்டிகளின் மூளையில் புதிய நரம்புக் கலங்கள் உருவாகின்றனவா? அது அன்று கேட்கக் கூடாத கேள்வி. நரம்பு இழையத்துக்குச் சாயமூட்டிப் பார்ப்பதில் நிகரற்றவரான ஸ்பானிய அறிஞர் கஹால், அப்படி எதுவும் நடப்பதில்லையென முடிவு கட்டியிருந்தார். அவரது வெள்ளிச் சாயம் கலத்தின் வடிவத்தை அழகாகக் காட்டும். அது நேற்றுப் பிறந்ததா, பிறவியிலேயே இருந்ததா என்பதைக் காட்டாது.

ஒல்ட்மன் வேறு வழியில் போனார். பிரியப்போகும் கலம் டீ.என்.ஏ.யைப் பெருக்க தைமிடின் வேண்டும். கதிர்வீசும் திரிதியம் சேர்ந்த தைமிடினை எலிகளுக்கு ஏற்றினார். பின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, புகைப்படப் பசை பூசி, வாரக்கணக்கில் இருட்டில் வைத்தார். புதிய கலங்களின் கருவின் மேல் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. 1965 இல் கோபால் தாஸுடன் சேர்ந்து, எலியின் ஹிப்போகாம்பஸில் இவற்றை விபரமாகக் காட்டினார்.

ஆனா புள்ளி எண்டால் வெறும் புள்ளிதான். அது நரம்புக் கலமா, பக்கத்திலிருக்கும் கிளையல் கலமா எண்டு எப்படிச் சொல்றது? இந்த ஐயம் நியாயமானதே. அதைச் சோதித்துப் பார்க்காமல் ஆளையே கண்டுகொள்ளாமல் விட்டதுதான் அநியாயம். 1977 இல் மைக்கல் கப்லன் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் விடை காட்டியும் பெரிதாக எடுபடவில்லை.

பிறகு கதிர்வீச்சில்லாத பீ.ஆர்.டீ.யூ. வந்தது. பிறபொருளெதிரிகளால் ஒரே சீவலில் இரு நிறமேற்றலாம்: ஒன்று புதிய கலத்துக்கு, மற்றது நரம்புக் கலத்துக்கு. ஆய்வுக்காக மனிதருக்கு இதை ஏற்றேலாது. ஆயினும் புற்றுநோயாளர் சிலருக்குக் கட்டியின் வளர்ச்சியை அளக்க ஏற்றியிருந்தார்கள். அவர்களுள் ஐவர் மௌத்தான பின் அவர்களது மூளையை எரிக்ஸனும் கேஜும் பரிசோதித்தனர். 1998 இல், மனிதரிலும் உண்டென அறிவித்தனர்.

ஊசியே தேவைப்படாத அடையாளம் டபிள்கோர்ட்டின். இளம் நரம்புக் கலங்களில் காணப்படும் புரதம். இதனாலும் சண்டை தீரவில்லை. 2018 இல் சன் பிரான்சிஸ்கோ குழு வளர்ந்த மனிதரில் ஒன்றுமே தென்படவில்லை என்றது. நியூயோர்க் குழு முதுமையிலும் உண்டு என்றது. மறு வருடம் மட்ரிட்டின் யோரென்ஸ் மார்ட்டின் குழு, மூளை போமல்டிகைட்டுக் கரைசலில் கிடக்கும் நேரம் கூடக் கூட இப்புரதத்தின் நிறம் மங்கி, கடைசியில் இல்லாமலே போவதைக் காட்டியது. கவனமாகப் பதப்படுத்திய மூளைகளில், 87 வயதிலும் இளங்கலங்கள் தெரிந்தனவாம். மறுதரப்போ, அந்தச் சாயம் முதிர்ந்த கலங்களிலும் ஒட்டியிருக்கலாமே என்கிறது.