காயலான் கடைக்குப் போடும் முன் ஒரு நிமிடம்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியிலோ, கார் ஷெட்டின் மூலையிலோ, அப்பாவோ மாமனாரோ விட்டுப் போன ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். ஸ்பேனர், அரம், சுத்தி, துருப்பிடித்த டிரில் பிட் என்று ஏதேதோ கிடக்கும். அந்தப் பெட்டிக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

மோட்டாரைப் பிரித்து மாட்டிப் பழகிய மேதை என்றால் எல்லோரும் கோவை ஜி.டி. நாயுடுவைச் சொல்வார்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்கு அக்காகப் பிரித்துக் கற்றவர். சொல்ல வேண்டியதுதான். நம் பக்கத்தில் அப்படி ஒரு பெரிய பெயர் இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான சின்னப் பட்டறைகள் இருந்தன, எல்லாம் வீட்டுக்குள்ளேயே.

எப்படி வந்தன? வருடங்களை வரிசையாகப் பாருங்கள். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி எண்ணூருக்கு வந்தது. பின்னால் அசோக் லேலண்ட் ஆனது அதுதான். 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில். 1955-இல் என்ஃபீல்டு, திருவொற்றியூரில். 1961-இல் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1965-இல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. நடுவில் 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. அப்போது தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமன். 1971-இல் திருவள்ளூர் பக்கத்தில் மண் வாரும் இயந்திரங்கள் செய்ய இந்துஸ்தான் மோட்டார்ஸ் வந்தது. அதே வருடம் சிப்காட் நிறுவனம் உருவானது. கும்மிடிப்பூண்டி வளாகம் அதற்குப் பிறகு.

ஏர் பிடித்த குடும்பங்களில் ஒரே தலைமுறையில் ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்று ஆனார்கள். ஐ.டி.ஐ.யில் முதலில் ஒரு இரும்புத் துண்டை அரத்தால் தேய்த்துச் சதுரமாக்குவதுதான் பாடம். மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். நூலிழை வெளிச்சம் தெரிந்தாலும் திரும்பத் தேய்க்க வேண்டும். அந்தக் கை வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? ஓய்வு நாளில் அக்கம்பக்கத்து சைக்கிள், பம்ப் செட், தையல் மெஷின் எல்லாம் வாசலுக்கு வந்துவிடும்.

என் அப்பா அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு ஷெட். முதலில் வந்தது ஒரு நாலு இஞ்ச் வைஸ். புளியமரப் பலகையில் போல்ட்டு போட்டு இறுக்கினார். வைஸின் உயரம் நிற்பவரின் முழங்கைக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பார். தாழ்ந்தால் முதுகு வலிக்கும், உயர்ந்தால் அரம் வளைந்து ஓடும். வைஸுக்குப் பிறகு இரண்டு அரம், ஹாக்ஸா, ஒரு செட் ஸ்பேனர், டேப்பும் டையும். அவ்வளவுதான், பத்து வருடத்துக்கு. இப்போது கார் வாங்கிய கையோடு நூற்றெட்டுச் சாமான் உள்ள செட்டை ஆன்லைனில் வாங்குகிறார்கள். அதில் பாதி கடைசிவரை பிளாஸ்டிக் உறையிலேயே கிடக்கிறது. ஒரு வேலை வரட்டும், அதற்கான கருவியை வாங்கு என்பது அப்பாவின் கணக்கு. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் தொழிற்சாலையில் மில்ரைட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், காலமாகிவிட்டார். அவர் மகன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சார், காயலான் கடைக்காரர் வெளியே நிற்கிறார். எதுவும் உங்களுக்கு வேணுமா பாருங்க. இந்த ஸ்பேனர் எல்லாம் தேஞ்சு போச்சு சார். என் வண்டியில ஒரு நட்டுக்கும் பிடிக்கல."

எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தேயவில்லை. குரோம் வனேடியம், இங்கிலாந்தில் செய்தது என்று எழுத்து பளிச்சென்று இருந்தது. ஒரு முனையில் 1/4 டபிள்யூ, மறுமுனையில் 5/16 டபிள்யூ. டபிள்யூ என்றால் விட்வொர்த். அந்தப் பெயரைச் சொன்னதும் தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்துக்காரர், மான்செஸ்டரில் பட்டறை வைத்திருந்தவர். அவர் காலத்துக்கு முன் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரை. ஒரு பட்டறையின் போல்ட்டு இன்னொரு பட்டறையின் நட்டில் ஏறாது. (நம் ஊரில் "மரை கழண்ட கேஸ்" என்று திட்டுகிறோமே, அந்த மரைதான்.) விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, சராசரி பார்த்து 1841-இல் ஒரு பொது அளவைச் சொன்னார். மரையின் கோணம் 55 பாகை. கால் இஞ்ச் போல்ட்டுக்கு ஒரு இஞ்ச் நீளத்தில் 20 மரை, அரை இஞ்சுக்கு 12. ரயில்வே அதை எடுத்துக்கொண்டது. ரயிலோடும் ஆலைகளோடும் அது உலகம் சுற்றியது, நம் ஊருக்கும் வந்தது.

அமெரிக்காக்காரர்கள் 60 பாகை வைத்துக்கொண்டார்கள். அவர்கள் அரை இஞ்சுக்கு 13 மரை. ஒரே ஒரு மரைதான் வித்தியாசம், ஆனால் பாதியில் இறுகி நின்றுவிடும். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் ஒன்றின் இயந்திரத்தை இன்னொன்று பழுது பார்க்க முடியாமல் திண்டாடின. அதன் பிறகுதான் 1948-இல் அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா மூன்றும் உட்கார்ந்து ஒரு பொது மரைக்கு ஒத்துக்கொண்டன.

இப்போது அந்தத் தம்பியின் சந்தேகம். 1/4 என்று எழுதியிருக்கிற ஸ்பேனரின் வாய் கால் இஞ்சைவிட ஏன் இவ்வளவு அகலம்? விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருப்பது வாயின் அளவு இல்லை. அந்த நட்டுக்குள் போகிற போல்ட்டின் விட்டம். கால் இஞ்ச் போல்ட்டின் நட்டு வெளியில் 0.525 இஞ்ச், அதாவது சுமார் 13.3 மில்லிமீட்டர். இன்றைய மெட்ரிக் ஸ்பேனரில் எழுதியிருப்பதோ வாயின் அகலம். இஞ்ச் ஸ்பேனரிலேயே ஏ.எஃப். என்று இன்னொரு வகை உண்டு. அதிலும் எழுதியிருப்பது வாயின் அகலம்தான். ஆக மூன்று குடும்பம். மூன்றும் ஒரே பெட்டியில் கிடந்தால் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

13.3 என்ற எண்ணைக் கவனியுங்கள். 13-ஆம் நம்பர் ஸ்பேனர் அந்த நட்டில் ஏறாது. 14 ஏறும், ஆனால் ஆடும். ஆடுகிற ஸ்பேனரை ஓங்கித் திருப்பினால் நட்டின் ஆறு முனையும் மழுங்கி உருண்டையாகிவிடும். பிறகு உளி வைத்துத்தான் வெட்ட வேண்டும். பழைய புல்லட் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், கண்ணீர் விடுவார்கள். அந்தத் தம்பி தன் புது வண்டியில் தலைகீழாக அதே காரியத்தைச் செய்து பார்த்துவிட்டு, கருவி தேய்ந்துபோனது என்று முடிவு கட்டிவிட்டார்.

மெட்ரிக் எப்போது வந்தது? சட்டம் 1956-இல். 1957 ஏப்ரலில் நயா பைசா. 1958 அக்டோபரிலிருந்து கிலோவும் மீட்டரும் படிப்படியாக. கடைத்தெரு சீக்கிரம் மாறிவிட்டது. பட்டறை மாறவில்லை. இங்கிலாந்துக் கூட்டுறவில் வந்த ஆலைகளின் வரைபடம் இஞ்சில், மெஷின் இஞ்சில், மேஸ்திரியின் நாக்கும் இஞ்சில். இன்றைக்கும் கம்பிக் கடையில் "மூணு நூல் கம்பி" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். மூணு நூல் என்றால் 3/8 இஞ்ச், 9.5 மில்லிமீட்டர். கடைக்காரர் கொடுப்பது 10 மில்லிமீட்டர் கம்பி. இருவருக்கும் திருப்தி. வகுப்பில் பின்னம் நடத்தும்போது இந்த நூல் கணக்கைத்தான் சொல்வேன். கொத்தனார் வீட்டுப் பிள்ளைகள் எனக்கு முன்னால் விடை சொல்லிவிடுவார்கள்.

வீட்டு ஷெட்டை உண்மையில் மாற்றியது சட்டம் இல்லை, ஜப்பான். 1983 டிசம்பரில் மாருதி 800. அதையடுத்து ஜப்பான் கூட்டில் வந்த நூறு சி.சி. பைக்குகள். 10, 12, 14, 17, இந்த நாலு நம்பர் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. இஞ்ச் ஸ்பேனர்கள் பெட்டியின் அடிக்குப் போயின.

அந்தத் தம்பி வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். அவர் என்னிடம் வருவதற்குள் வைஸும், மரப்பெட்டியோடு ஒரு மைக்ரோமீட்டரும் எடை போட்டுப் போய்விட்டன. பத்து மைக்ரான்வரை அளக்கும் கருவியை எடைக்கல் வைத்து விற்றிருக்கிறார்கள். ஸ்பேனர்கள் மட்டும் தப்பின. தெரியாமல் நடந்ததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் அப்பா வீட்டில் யாரிடமும் இவற்றைப் பற்றி உட்கார்ந்து பேசியதே இல்லை. நம் தலைமுறை பிள்ளைகளிடம் "அதைத் தொடாதே, போய்ப் படி" என்றுதானே சொன்னோம்? இதில் இன்னொன்று, பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் ஆலைகள் நம் கும்மிடிப்பூண்டியிலேயே இருக்கின்றன. விட்வொர்த் ஸ்பேனர் கடைசியில் யாரோ ஒருவர் வீட்டு லிண்டலுக்குள் மூணு நூல் கம்பியாகப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டால், நம் பக்கத்தில் முதல் எதிரி காற்று. பழவேற்காடு ஏரியும் கடலும் அருகில். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் பிடித்து வைக்கும், துரு வேகமாக ஏறும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலை பார்த்தபோது பள்ளிக்கூட ஜன்னல் கம்பிகளிலேயே அதைப் பார்த்திருக்கிறேன். கருவியைத் துணியில் சுற்றி வைக்காதீர்கள், துணி ஈரம் குடிக்கும். துடைத்து, மெஷின் ஆயில் லேசாகத் தடவி வைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசின் மாதிரி ஒட்டும். மைக்ரோமீட்டரின் இரண்டு முகத்தையும் முட்டவிட்டு மூடி வைக்கக் கூடாது, ஒரு முடி இடைவெளி விட வேண்டும். அரத்தை அரத்தின் மேல் போடக் கூடாது, பல் போய்விடும். தேய்க்கும் முன் அரத்தில் சாக்பீஸ் தடவினால் இரும்புத்தூள் பல்லிடுக்கில் சிக்காது. நான் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்ததில் அப்பாவுக்கு இருந்த பெரிய லாபம், மாலையில் என் சட்டைப் பையில் வரும் உடைந்த சாக்பீஸ் துண்டுகள்.

கிரைண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லுக்கும் தாங்கு தகட்டுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி வைக்காதீர்கள், பொருள் உள்ளே இழுபட்டுக் கல் உடையும். டிரில் ஓடும்போது கையுறை கூடாது. லுங்கி, துப்பட்டா கூடவே கூடாது. எர்த் இல்லாத பிளக்கில் எதையும் சொருகாதீர்கள்.

வருடாந்தரப் பராமரிப்புக்கு நம் முன்னோர் ஒரு நாளே வைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜை. அன்று தொழிற்சாலைக்குக் குடும்பத்தோடு கூட்டிப் போவார்கள். மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, பொரி, சுண்டல் கொடுப்பார்கள். எனக்கு லேத் என்றால் இன்றைக்கும் பொரி வாசனைதான் ஞாபகம் வரும். முதல் நாளே வீட்டு ஷெட்டிலும் ஒவ்வொரு கருவியையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டுப் பலகையில் அடுக்குவோம். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயத்தையொட்டி எல்லா இரும்புக்கும் எண்ணெய் போட்டாகிவிட்டது, பாருங்கள்.

இந்த வாரக் கடைசியில் அந்தப் பெட்டியை வெளியே எடுங்கள். ஸ்பேனரின் எழுத்து தெரியும்வரை துடையுங்கள். பின்னத்தோடு டபிள்யூ அல்லது பி.எஸ். என்று இருந்தால் ஒரு குவியல். பின்னத்தோடு ஏ.எஃப். இருந்தால் இன்னொன்று. முழு எண் மட்டும் இருந்தால் மெட்ரிக், அது மூன்றாவது. முதல் குவியலைத் தனியாக ஒரு பையில் போட்டு, "பழைய இங்கிலாந்து வண்டி, பழைய மெஷின்" என்று எழுதிக் கட்டுங்கள். பழைய புல்லட் பார்க்கும் மெக்கானிக் யாருக்காவது கொடுத்தால் கை கூப்பி வாங்கிக்கொள்வார். எழுத்து புரியவில்லை என்றால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். என்னிடம் அப்பாவின் வெர்னியர் இருக்கிறது. வாயின் அகலத்தை ஸ்கேலில் அளந்து மில்லிமீட்டரில் சொன்னாலும் போதும், எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடுகிறேன்.