டிராக்டர் இன்ஜினுக்குள்ள சோப்பு போட்டது யாரு?

மயிலாப்பூர்ல தெற்கு மாட வீதிக்குப் பின்னாடி இருக்கிற அதே சின்ன ரூம்ல இருந்துதான் பேசறேன். நடுவுல கோயில் மணி கேட்டா கண்டுக்காதீங்க.

இந்த வாரம் நான் பண்ண ஒரு முட்டாள்தனத்துல இருந்து ஆரம்பிக்கலாம். எங்க குடும்பத்துக்குக் கும்பகோணம் பக்கத்துல கொஞ்சம் நிலம் இருக்கு. மயிலாப்பூர்ல நிறைய வீடுகள்ல இருக்கிற கதைதான்: ஒரு கால் இங்க, ஒரு கால் காவிரிக் கரையில. அங்க சித்தப்பாகிட்ட முப்பது வருஷப் பழைய டிராக்டர் ஒண்ணு. சொந்த நிலத்துக்கு உழுதது போக, மத்தவங்களுக்கும் வாடகைக்கு ஓட்டுவார். அவருடைய வருமானத்துல பாதி அந்த வண்டிதான்.

போன வருஷம் கறுப்பா புகை தள்ளுது, லோடு இழுக்கலன்னு சொன்னார். நான் பெரிய மேதாவி மாதிரி ஆன்லைன்ல ரெண்டு பாட்டில் வாங்கிட்டுப் போனேன். ஒண்ணு இன்ஜின் ஆயில்ல ஊத்தறது, இன்னொண்ணு டீசல்ல ஊத்தறது. ரெண்டுமே "உள்ள இருக்கிற அழுக்கை எல்லாம் கரைச்சுடும்"னு சொன்ன பாட்டில்கள். கரைச்சுது. அதுதான் பிரச்சினை.

பத்து நிமிஷத்துல ஆயில் பிரஷர் முள் கீழ இறங்கிடுச்சு. உள்ள இருந்து ஒரு தட்டுற சத்தம். சித்தப்பா ஓடி வந்து ஆஃப் பண்ணார். மெக்கானிக் அண்ணன் சேம்பரைக் கழட்டிக் காட்டினப்போ, அடியில மண்டி களிமண் மாதிரி கிடந்தது. ஆயில் பம்ப்போட சல்லடை முழுசா அடைப்பு. பேரிங்ல கோடு விழுந்திருந்தது. குறுவை உழவு நேரத்துல மூணு வாரம் வண்டி நின்னுது. சித்தப்பா என்னை ஒரு வார்த்தை திட்டல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது.

அப்போதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. ஆயிலுக்குள்ள அழுக்கைக் கரைக்கிற மருந்து போடணும்னு முதல்ல யாருக்குத் தோணுச்சு? தேடிப் போனா, அந்தக் கதையே டிராக்டர்ல இருந்துதான் ஆரம்பிக்குது.

1931. அமெரிக்காவுல கேட்டர்பில்லர் கம்பெனி டீசல்ல ஓடற டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவருது. அதுக்கு முன்னாடி டிராக்டர்னா பெரும்பாலும் பெட்ரோல், இல்லன்னா மண்ணெண்ணெய் மாதிரியான எரிபொருள். டீசல் இன்ஜின்ல சூடு அதிகம், அழுத்தம் அதிகம், கரியும் அதிகம். அன்னைக்கு இருந்த ஆயில் வெறும் சுத்திகரிச்ச எண்ணெய்தான், அதுல வேற எதுவும் கிடையாது. சூட்டுல அது கெட்டுப்போய், பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங்குகளை அரக்கு மாதிரி ஒட்ட வச்சுடும். ரிங் ஒட்டினா இன்ஜினுக்கு மூச்சே போச்சு.

இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சது ஸ்டாண்டர்டு ஆயில் ஆஃப் கலிபோர்னியா. 1935ல டெலோ அப்படிங்கிற ஆயிலைக் கொண்டுவந்தாங்க. அதுல அலுமினியம் சேர்ந்த ஒரு நாப்தினேட் சேர்மம் கலந்திருந்தது. வேதியியல் பாஷையில அது ஒரு உலோக சோப்பு. அதனால நான் வச்ச தலைப்பு உவமை இல்ல, இன்ஜினுக்குள்ள நிஜமாவே சோப்புதான் போட்டாங்க.

ஆனா ஒண்ணைச் சரி பண்ணப் போனா இன்னொண்ணு கெடும். ஆரம்ப கால சோப்புகள் சிலது ஆயிலைச் சீக்கிரம் கெட வச்சது, செம்பும் ஈயமும் கலந்த பேரிங்கை அரிச்சது. அதைத் தடுக்க 1940கள்ல துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த இன்னொரு பொருள் வந்தது. இன்னைக்கு வரைக்கும் ஆயில்ல அது இருக்கு. அடுத்து, சோப்போட கால்சியம் கார்பனேட்டை ரொம்பப் பொடித்துகளா சேர்க்கக் கத்துக்கிட்டாங்க. சுண்ணாம்புக்கல்லுல இருக்கிற அதே பொருள். எதுக்கு? டீசல்ல கந்தகம் இருக்கு. எரியும்போது அது அமிலமா மாறுது. வயித்துல புளிப்பு ஏறினா நாம மாத்திரை போடற மாதிரி, அந்த அமிலத்தை இந்தச் சுண்ணாம்பு முறிக்குது.

1950களோட கடைசியில இன்னொரு வகை வந்தது. இதோட வேலை கழுவறது இல்ல. கரித்துகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து அடியில படியாம, ஆயில்லயே மிதக்க வைக்கிறது. ஆயில் மாத்தின கொஞ்ச நாள்லயே கறுத்துப்போச்சுன்னு பயப்படறோம் இல்லையா? டீசல் இன்ஜின்ல அது பெரும்பாலும் நல்ல செய்திதான். அழுக்கு இரும்புல ஒட்டாம ஆயில்ல இருக்குன்னு அர்த்தம். ஆயிலை வடிச்சா அழுக்கும் கூடவே போயிடும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். மயிலாப்பூர்ல இருந்து ராயப்பேட்டை ஹை ரோடு வழியா மவுண்ட் ரோடு போய், பெரியார் சிலை தாண்டும்போது "சிம்சன்"னு கண்டக்டர் கத்துவார். பாதிப் பேருக்கு அது ஒரு பஸ் ஸ்டாப் பேரு மட்டும்தான். 1840ல குதிரை வண்டி கட்ட ஆரம்பிச்ச கம்பெனி அது. 1950கள்ல இங்கிலாந்தின் பெர்கின்ஸ் டீசல் இன்ஜினை உரிமம் வாங்கி மெட்ராஸ்ல செய்ய ஆரம்பிச்சாங்க. 1959ல அந்த பெர்கின்ஸை மாஸி ஃபெர்குசன் வாங்குது. அடுத்த வருஷமே, சிம்சன் இருக்கிற அதே அமால்கமேஷன்ஸ் குழுமம், மாஸி ஃபெர்குசனோட கூட்டு சேர்ந்து டாஃபே கம்பெனியைத் தொடங்குது. செம்பியத்துல டிராக்டர் தயாராக ஆரம்பிச்சது.

ஆயில் எங்க இருந்து வந்தது? 1969ல மணலியில மெட்ராஸ் ரிஃபைனரி ஓட ஆரம்பிச்சது. இன்னைக்கு அதுக்குப் பேரு சிபிசிஎல். இன்ஜின் ஆயிலுக்கு அடிப்படையான எண்ணெயையும் அங்க எடுத்தாங்க. 1989ல அந்த ரிஃபைனரியும் செவ்ரானும் சேர்ந்து, மணலியிலயே இந்தியன் அடிட்டிவ்ஸ்னு ஒரு கம்பெனி தொடங்கினாங்க. செவ்ரான் யாரு? நாம மேல பார்த்த ஸ்டாண்டர்டு ஆயில் ஆஃப் கலிபோர்னியாதான், 1984ல பேரு மாறிடுச்சு. 1935ல டிராக்டருக்காக முதல் சோப்பைக் கலந்தவங்களோட வாரிசு, வடசென்னையில வந்து ஆயில் மருந்து செய்யுது.

இதுல நான் கத்துக்கிட்டது என்னன்னா, நல்ல ஆயில் டப்பாவுக்குள்ள அந்த மருந்து ஏற்கெனவே இருக்கு. எது எவ்வளவுன்னு அளந்து, ஒண்ணை ஒண்ணு கெடுக்காத மாதிரி கலந்திருக்காங்க. அதுக்கு மேல நாம ஒரு பாட்டிலைக் கவுத்தா, அந்தக் கணக்கைத்தான் குலைக்கிறோம். எங்க வண்டியில வருஷக்கணக்கா ஆயிலை வடிக்காம, குறைஞ்ச அளவுக்குச் சில்லறை ஆயிலை மட்டும் ஊத்தியிருந்தாங்க. அப்படிப் படிஞ்ச மண்டியை ஒரே நாள்ல கிளப்பிவிட்டா அது எங்க போகும்? நேரா சல்லடைக்குத்தான்.

மெக்கானிக் அண்ணன் சொன்ன வழி ரொம்ப சாதாரணம். சேம்பரைக் கழட்டிக் கையால வழிச்சு எடு. கம்பெனி சொன்ன கிரேடு ஆயிலை ஊத்து. முதல் ரெண்டு மூணு தடவை சீக்கிரமாவே வடிச்சு, ஃபில்டரோட மாத்து. மிச்ச அழுக்கை ஆயில் மெல்ல மெல்லக் கொண்டுவந்துடும்.

டீசல் பக்கமும் இதே கதைதான். 2000 வாக்குல நம்ம டீசல்ல கந்தகம் 0.25 சதவீதம் வரைக்கும் இருக்கலாம். பத்து லட்சத்துல 2,500 பங்கு. 2020 ஏப்ரல்ல இருந்து அது வெறும் 10 பங்கு. அமிலத் தொல்லை அந்த அளவுக்குக் குறைஞ்சிருக்கு. டீசல்ல ஊத்தற கிளீனர், நாசில் நுனியில லேசா படிஞ்ச கரியை எடுக்கும், அது பொய் இல்ல. ஆனா தேஞ்ச நாசிலை அது புதுசாக்காது. எங்க வண்டியில நாசிலைக் கழட்டி டெஸ்ட் பண்ணப்போ ஒண்ணு சரியா தெளிக்காம ஒழுகிட்டு இருந்தது. கறுப்புப் புகைக்குக் காரணம் அதுதான். மாசக்கணக்கா நின்ன டாங்க்குக்கு அடியில தண்ணி வேற. அதை வடிச்சு, டீசல் ஃபில்டரை மாத்தினதுக்கு நான் வாங்கின பாட்டில் விலைகூட ஆகல.

வண்டி இப்போ ஓடுது. பேரிங் செலவை நான்தான் கொடுத்தேன், சித்தப்பா பாதிதான் வாங்கிக்கிட்டார். போன மாசம் போனப்போ அவரே டிப்ஸ்டிக்கை உருவித் துணியில துடைச்சு என்கிட்ட காட்டினார். ஆயில் கறுப்பா இருந்தது. "பயப்படாதடா, வேலை செய்யுது"ன்னு சிரிச்சார்.

உங்க வீட்லயும் பழைய டிராக்டரோ, தாத்தாவோட மோட்டார் செட்டோ இருந்தா, கடைசியா எப்போ ஆயில் வடிச்சாங்கன்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.