கெர்மிட்

கெர்மிட் என்பது வெவ்வேறு வகைக் கணினிகளிடையே தொடர் துறை அல்லது மோடம் வழியாகக் கோப்புகளைப் பரிமாறும் நெறிமுறை. அதைச் செயற்படுத்தும் முனைய மென்பொருள்களுக்கும் இதுவே பெயர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டா குரூஸ், பில் கேட்சிங்ஸ் ஆகியோர் 1981இல் உருவாக்கினர். மப்பெட் தவளைப் பொம்மையின் பெயரே இதற்கு இடப்பட்டது.

கோப்பு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு, சரிபார்ப்புத் தொகையுடன் அனுப்பப்படும். கட்டுப்பாட்டுக் குறிகள் அச்சிடத்தக்க எழுத்துகளாக மாற்றப்படுவதால் 7 பிட் தடங்களிலும் இது இயங்கும், வேகம் குறைவு. பிற்காலப் பதிப்புகளின் நீள்பொதியும் நகரும் சாளர முறையும் இக்குறையைப் பெரிதும் போக்கின. இணைப்பின் தொடக்கத்தில் இரு முனைகளும் தம் திறன்களை அறிவிக்கும். ஒன்று பழைய பதிப்பெனில் பரிமாற்றம் அடிப்படை முறையிலேயே நடக்கும். எனவே ஒரு முனையை மட்டும் மேம்படுத்துவதால் வேகம் கூடாது, இணைப்பும் முறியாது.

பழைய பதிப்பு உள்ள கணினி, புதியதை அதன் வழியாகவே பெறலாம். எதுவுமில்லாத எம்எஸ்-டாஸ் கணினிகளுக்காக, நிரலின் ஒவ்வொரு 3 பைட்டும் 4 அச்செழுத்துகளாக்கப்பட்ட 'பூ' கோப்புகள் வழங்கப்பட்டன. சிறு பேசிக் நிரல் அவற்றை மீட்டெடுத்தது. கொலம்பியா 2011இல் திட்டத்தை முடித்துக்கொண்டது. சி-கெர்மிட் திறந்த மூல உரிமத்தில் தொடர்கிறது.