பண்டை அதென்ஸில் போரில் மடிந்தோர் மக்கள்

போரிலே உயிர்துறந்த தந்தைக்கு மகன் ஆற்றும் கடன் யாது என்னும் வினாவோடு, அம்மகனுக்கு நாடு ஆற்றும் கடன் யாது என்னும் வினாவும் பிணைந்துள்ளது. இவற்றிற்குப் பண்டை அதென்ஸ் நகரத்தார் கண்ட விடை ஆராயத்தக்கது.

பெலப்பொனீசியப் போர் கி. மு. 431இல் மூண்டது. அதன் முதலாண்டில் மடிந்தோரின் எலும்புகள், குலத்திற்கு ஒன்றாகப் பத்துச் சைப்பிரஸ் மரப்பேழைகளிற் கொண்டுசெல்லப்பட்டன என்றும், உடல் கிடைக்காதோர்க்கென வெறும் பாடையொன்றும் உடன் சென்றதென்றும் துசிடைடிஸ் என்னும் வரலாற்றாசிரியர் கூறுவர். அன்று உரையாற்றிய பெரிக்கிளீஸ், மடிந்தோர் மக்களைப் பருவமெய்துங்காறும் நகரமே பேணும் என்று உறுதி கூறினார்.

அவ்வாறு வளர்ந்த இளைஞர், தயோனீசியப் பெருவிழாவில் நாடகம் தொடங்குமுன், நகரம் அளித்த முழுப் போர்க்கோலம் பூண்டு அரங்கினுள் நிறுத்தப்பட்டனர். தந்தையர் வீரராய் மடிந்ததையும், நகரம் இவர்களை வளர்த்ததையும் கட்டியங்காரன் அறிவித்தான். பின்னர் முன்வரிசை இருக்கைகள் அவர்க்கு அளிக்கப்பட்டன. தந்தையின் ஈகம் மகனது பெருமையாக ஊரறிய ஏற்கப்பட்ட நாள் அது.

ஆயினும் இச்சிறப்பு எல்லார்க்கும் கிட்டிற்றா? கி. மு. 403இல் கொடுங்கோலர் ஆட்சி வீழ்ந்தபின், குடியாட்சிக்காகப் பொருது மடிந்தோர் மக்களுக்கு நாளொன்றுக்கு ஓர் ஒபொல் வழங்கத் தியோசொற்றிடிஸ் என்பார் தீர்மானம் கொண்டுவந்தார். அதனைப் பொறித்த கல் 1970இல் அதென்ஸ் அகோராவிற் கிடைத்தது. முறைமனைவியிடம் பிறவாதோரையும் சுவீகார புத்திரரையும் உதவியினின்று விலக்க அவர் முயன்றார். லீசியாஸ் எழுதிய வழக்குரை இதனை எதிர்த்தது. கட்டியங்காரன் இம்மக்களை மட்டும் நகரம் வளர்க்கவில்லையென்று அரங்கிலே அறிவிப்பானோ என அது வினவிற்று. பிறப்பு வேறாயினும், தந்தையர் சிந்திய குருதி வேறன்றே!

இச்சடங்கையே குறைகண்டவரும் உளர். நேச நாடுகளிடம் பெற்ற திறைப்பொருளும் தந்தையிழந்த மக்களும் ஒரே அரங்கிற் காட்டப்பட்டமையைச் சுட்டி, பேராசையால் விளைந்த அழிவையே அது உலகிற்குக் காட்டிற்று என ஐசோக்கிரட்டிஸ் இடித்துரைத்தார். கி. மு. 330இல் ஏஸ்கினிஸ் பேசுங்கால், இவ்வழக்கம் பழங்கதையாய்விட்டது.

ஆகவே, மடிந்தோரைப் போற்றுதல் புகழுரையோடு அமைவதன்று. அவர் மக்களுள் ஒருவரையும் விலக்காது பேணுதலும், அவர் எதன்பொருட்டு மடிந்தனர் என்று அஞ்சாது வினவுதலும் அப்போற்றுதலின் பாற்பட்டனவேயாம்.