கேமரன் மலைக்குப் போறீங்களா? லெம்பா பெர்த்தாம் பக்கமும் இறங்கிப் பாருங்க

கேமரன் மலை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஸ்ட்ராபெரி, வேகவைத்த சோளம், தேயிலைச் சரிவில் நின்று எடுத்த ஒரு படம், கூடவே பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங்கில் நகராத வாகன வரிசை. இரண்டு நாள் கையில் இருந்தால் இந்த முறை மலையை அடியிலிருந்து பாருங்கள். ரிங்லெட், ஹாபு, லெம்பா பெர்த்தாம் என்று தொடங்கி மேலே ஏறலாம்.

எந்த வழியில் போவது?

ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாய் வழியாக வரும் சாலை அகலமானது. வளைவில் தலை சுற்றும் என்பவர்களுக்கு அதுதான் தோது. தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலை தானா ராத்தாவரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர், முழுக்க வளைவுகள். ஆனால் வரலாறு பார்க்கப் போகிறவர்கள் இதில்தான் போக வேண்டும். வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவியில் கால் நனைத்துக்கொள்ளலாம்.

1885-இல் இந்தப் பகுதியை அளந்து குறிப்பெழுதிய வில்லியம் கேமரனின் பெயர்தான் மலைக்கு நிலைத்துவிட்டது. அவர் "கண்டுபிடித்தார்" என்று சொல்வது கொஞ்சம் ஓவர்தான். செமாய் பூர்வக்குடியினர் அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் இதை மலைவாசத்தலமாக்கும் வேலை சூடுபிடித்தது. தாப்பா சாலையும் அந்த வேகத்தில் போடப்பட்டதுதான்.

தேயிலை எப்படி வந்தது?

1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ.பி. மில்னுடன் சேர்ந்து ஹாபு பக்கம் போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் சரிவைச் சீராக்க அவர்களிடம் இருந்தது கோவேறு கழுதைகளும் ஒரு பழைய நீராவி ரோலரும். மீதியெல்லாம் மனிதக் கைகள். அந்தக் கைகளில் பெரும்பாலானவை தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்களுடையவை. 1933-இல் பாரத் தேயிலை நிறுவனமும் வந்தது. இன்று கேமரன் வேலி என்ற பெயரில் நீங்கள் குடிப்பது அவர்களுடைய தேயிலைதான்.

படம் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தேயிலை சும்மா விட்டால் மரமாக வளரும். அது இடுப்பளவில் பச்சைக் கம்பளம்போல் தெரிவதற்குக் காரணம், விடாமல் கொழுந்து பறிப்பதும் கவாத்து வெட்டுவதும்தான். இன்று அந்த வேலையில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், கையில் கத்தரி அல்லது இயந்திரம். தமிழர்களின் அடுத்த தலைமுறைகள் நகரங்களுக்குப் போய்விட்டாலும் லயங்களும் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் இன்னும் இருக்கின்றன. லயம் குடியிருப்பு, காட்சிப்பொருள் இல்லை. கேட்காமல் வீட்டு வாசலில் கேமராவை நீட்டாதீங்க.

லெம்பா பெர்த்தாமில் என்ன இருக்கிறது?

முதலில் ரிங்லெட் ஏரியைப் பாருங்கள். இது இயற்கை ஏரி அல்ல. பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கம். இங்கே தேங்கும் தண்ணீரில் பெரும்பகுதி ஆற்றோடு கீழே போவதில்லை. மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகப் பேராக் பக்கம் போய் மின்சாரமாகிறது.

அணைக்குக் கீழே இருக்கும் பள்ளத்தாக்குதான் லெம்பா பெர்த்தாம். இருபுறமும் காய்கறித் தோட்டங்கள், பிளாஸ்டிக் கூரைகள், நடுவே ஒல்லியாக ஓர் ஆறு. அந்த ஒல்லி ஆற்றைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. தண்ணீர் சுரங்கத்துக்குப் போய்விடுவதால்தான் அது அப்படித் தெரிகிறது. ஆறு இளைத்தது என்று கரையை ஒட்டியே வீடுகளும் விவசாயமும் வந்துவிட்டன. மறுபக்கம், மேலே சரிவுகளை வெட்டி விவசாயம் செய்ததில் கரைந்த மண் முழுக்க ஏரிக்குள் இறங்கி, தண்ணீருக்கான இடத்தை வண்டல் பிடித்துக்கொண்டது.

2013 அக்டோபர் 23. பெருமழையில் ஏரி நிரம்ப, அணையைக் காக்க நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீர் திறந்துவிடப்பட்டது. உறங்கிக்கொண்டிருந்த பள்ளத்தாக்குக்குள் சேறும் வெள்ளமும் பாய்ந்தன. உயிர்கள் போயின, வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. அதற்குப் பிறகு ஆற்றோரக் குடியிருப்புகளும் சட்டவிரோத நில அழிப்பும் நாடு முழுக்கப் பேசப்பட்டன. சந்தையில் நாம் மலிவாக வாங்கும் கேமரன் முட்டைக்கோஸுக்கு இப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது.

நீங்கள் போகும்போது கனமழை என்றால் ஆற்றோரம் வண்டியை நிறுத்தவோ இறங்கிக் குளிக்கவோ வேண்டாம். எச்சரிக்கைச் சைரன் கேட்டால் பொருளைத் தேடாமல் மேட்டுப் பக்கம் ஏறிவிடுங்கள். அக்டோபர், நவம்பரில் இது ரொம்ப முக்கியம்.

காட்டுக்குள் நடக்க ஆசையா?

தானா ராத்தாவைச் சுற்றி எண்ணிடப்பட்ட நடைபாதைகள் உண்டு. ஒன்பதாம் பாதை ராபின்சன் அருவிக்கும் பத்தாம் பாதை ஜாசார் மலைக்கும் போகும். பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டருக்கு மேல். உச்சிக்குப் பக்கத்தில் எந்த மரத்தைத் தொட்டாலும் ஈரப் பாசிதான். இந்தப் பாசிக் காட்டுக்குள் போக அனுமதி, ஆள் கட்டுப்பாடு எல்லாம் அவ்வப்போது மாறும்; கிளம்பும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியாக மட்டும் போகாதீங்க. தாய்லாந்துப் பட்டுக்குப் பேர்போன ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தா பக்கம் ஒரு பங்களாவிலிருந்து காலாற நடக்கப் போனார். பெரும் தேடுதல் நடந்தும் இன்றுவரை தடயம் இல்லை. போகும் பாதையின் எண்ணைத் தங்கும் விடுதியில் சொல்லிவிட்டு, மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். பிற்பகலில் பெரும்பாலும் மழை பிடித்துக்கொள்ளும்.