பொருநைக் கரை அகழ்வும் தொல்லியல் துறை வரலாறும்

தொல்பொருள் காக்கும் அரசமைப்பு வளர்ந்தவாற்றிற்கேற்பவே, அப்பொருள்கள் சென்றடைந்த இடமும் மாறியதென்பதை ஆதிச்சநல்லூர் வரலாற்றால் நாம் அறிகின்றோம். 1861-இல் தோன்றிய இந்தியத் தொல்லியல் துறையின் பணி முதற்கண் வடநாட்டளவிலேயே நிகழ்ந்தது. புதையற் சட்டமும் 1878-இலேதான் வந்தது. அதற்கு ஈராண்டு முன்னர், 1876-இல், செருமானியரான யாகோர் அகழ்ந்தெடுத்தவை பெர்லின் நகர் சென்றன.

அத்துறை தென்னாட்டிற்கும் விரிந்தபின், அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் ஆங்கு அகழ்ந்தார். அவர் கண்ட இரும்புக் கருவிகளும் வெண்கலக் கலங்களும் பொன் நெற்றிப்பட்டங்களும் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. பொருள்கள் நாட்டெல்லை கடந்திலவேனும், பொருநைக் கரையை நீங்கின.

1961-இல் மாநில அரசு தனக்கெனத் தொல்லியல் துறை நிறுவிற்று. அத்துறை 1968-69-இல் கொற்கையிலும், 2020-இல் ஆதிச்சநல்லூரிலும் அகழ்ந்தது. 2023-இல், தாழிகளை அகழ்ந்த குழியிலேயே காணுமாறு இந்தியத் தொல்லியல் துறை காட்சியகம் அமைத்தது.

தாழி மட்டும் சான்றாகாது. அது கிடந்த ஆழமும் அருகிருந்த பொருளும் கூடியே சான்றாம். இடம்பெயர்ந்த பொருளுக்கு அவற்றைக் குறிப்பேடு ஒன்றே உரைக்கும். ஆதலின் இத்துறையின் வரலாறு அலுவலக வரலாறு மட்டுமன்று. சான்று காக்கப்பட்ட வரலாறும், இழக்கப்பட்ட வரலாறும் ஆம் என்பது நம் கருத்து.