அமைதி வேறு, நலம் வேறு: மூளையைத் தொடும் மருந்துகள் அளக்கப்பெற்ற வரலாறு

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டையை எழுப்பிய ஆண்டு கி.பி. 1613. அதே ஆண்டில் ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் எர்பேனியஸ் அரபு மொழிப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அவருக்குப் பின்வந்த கோலியஸ் மொராக்கோவிலும் அலெப்போவிலும் திரட்டிய அரபுச் சுவடிகள் லெய்டன் நூலகத்தை அணிசெய்தன. அங்கே நம் முன்னோரின் ஏடுகளைப் பேணிக் கற்ற நாட்டாரே, இங்கே பழவேற்காட்டுத் துறையிலிருந்து துணிப்பொதிகளோடு மனிதரையும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினர். அறிவுத்தாகம் மட்டுமே மனிதனை மதிக்கக் கற்றுத்தந்துவிடாது என்பதற்கு அந்த ஏரிக்கரை ஒரு சான்று.

இதனை ஈண்டு நினைவூட்டக் காரணமுண்டு. அதே லெய்டனில் 1987-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மனித மருந்தாய்வு மையம், புதிய மருந்துகள் மூளையின் செயலை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை முதற்கட்டச் சோதனைகளிலேயே அளப்பதில் பெயர்பெற்றது. விலங்குகளிடம் ஆய்ந்த மருந்தை முதன்முறையாகச் சிலராகிய மனிதருக்குக் கொடுத்துப் பார்ப்பதே முதற்கட்டச் சோதனையாகும். இத்தகைய அளவைக்கு நெடிய வரலாறு உண்டு. அதில் முஸ்லிம் மருத்துவர்க்கும் இந்திய மூலிகை ஒன்றுக்கும் பெரும்பங்கு உண்டு.

மார்க்கச் சட்டம் காக்கவந்த ஐந்தினை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) வகுத்துரைத்தார்கள். மார்க்கம், உயிர், அறிவு, வழித்தோன்றல், பொருள் என்பன அவை. அறிவை, அதாவது ‘அக்ல்’ என்பதை, உயிருக்கு அடுத்தபடியாக வைத்தமை எண்ணத்தக்கது. பொறுப்பும் கடமையும் அறிவின்மீதே நிற்கின்றன. ஆகவே மூளையைத் தொடும் மருந்து நம் அடித்தளத்தையே தொடுகிறது. அதனை அளக்கும் கோல் கோணினால் விளையும் கேடும் பெரிது.

அக்கோலைத் தேடியவர்களுள் மூத்தவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ (மறைவு ஹி. 313, கி.பி. 925). மூளையைச் சூழ்ந்தெழும் அழற்சிநோயை அரபு மருத்துவர் ‘ஸிர்ஸாம்’ என்றனர். அதன் முன்னறிகுறிகள் தோன்றியபோது ஒரு கூட்டத்தாருக்குக் குருதி வாங்கியதாகவும், மற்றொரு கூட்டத்தாரை வேண்டுமென்றே வாங்காது விட்டதாகவும், ஒரு முடிவுக்கு வரவே அவ்வாறு செய்ததாகவும் ‘அல்ஹாவீ’யில் அவர் குறித்துள்ளார். விடப்பட்டவர்கள் ஸிர்ஸாமுக்கு ஆளாயினர் என்பது அவர் கண்டது. இந்நோய்க்குக் குருதி வாங்குதலை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. எனினும் மருந்து பெற்றவரைப் பெறாதவரோடு வைத்து ஒப்பிடவேண்டும் எனும் கருத்து நிலைத்துவிட்டது. எவ்வாறு அவர்களைப் பிரித்தார் என்றோ, அவர்தம் இசைவைப் பெற்றார் என்றோ அக்குறிப்பு கூறவில்லை. பின்வந்த நூற்றாண்டுகள் நிரப்பவேண்டியிருந்த குறைகள் இவ்விரண்டுமே.

இப்னு ஸீனா (மறைவு ஹி. 428, கி.பி. 1037) ‘அல்கானூன்’ நூலின் இரண்டாம் பாகத்தில் மருந்தைச் சோதிப்பதற்கு ஏழு விதிகளைத் தந்தார். பயன் பலரிடம் அல்லது பலமுறை காணப்படவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. சோதனை மனித உடலில் நடைபெறவேண்டும், விலங்கிடம் கண்டது மனிதனிடம் மெய்யாகாமற் போகலாம் என்பது மற்றொன்று.

பிரிக்கும் முறை ஏன் முக்கியம் என்பதைப் பழவேற்காட்டு மீனவரின் ‘பாடு’ வழக்கத்தைக்கொண்டு விளக்கலாம். ஏரியில் இறால் மிகுந்து கிடைக்கும் இடங்களில் எவர் எப்போது வலைகட்டுவது என்பதை அவர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். நல்லிடம் எப்போதும் ஒருவருக்கே வாய்க்குமாயின், மிகுந்த இறால் அவர் திறத்தால் வந்ததா, இடத்தால் வந்ததா என்று எவரும் கூறவியலாது. மருந்துச் சோதனையிலும் இதே நிலைதான். தேறக்கூடியவர்களையே மருத்துவர் தேர்ந்து மருந்து கொடுத்தால், தேறியது மருந்தாலா அன்றோ என்பது விளங்காது. ஆகவே யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தற்ற மாத்திரை என்பதை இன்று சீட்டிட்டு முடிவுசெய்கின்றனர். அன்னை மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு பேனாக்களை எறிந்து முடிவுசெய்யப்பட்டதைத் திருக்குர்ஆனில் கண்ட நமக்கும், ‘குர்ஆ’வை ஃபிக்ஹு நூல்களில் பயின்ற நமக்கும் இது புதிதன்று.

இனி இந்திய மூலிகைக்கு வருவோம். சர்ப்பகந்தாவின் வேரை வட இந்தியச் சிற்றூரார் பித்தர்களுக்கான மருந்தென்றே வழங்கிவந்தனர். யூனானி மருத்துவரிடையே அதன் பெயர் ‘அஸ்ரோல்’. 1931-இல் கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் மனநோய்க்கும் உயர் குருதியழுத்தத்திற்கும் அது பயன்படுவதை எழுதினர். அதே ஆண்டில் டெல்லி திப்பியாக் கல்லூரியின் ஆய்வகத்திலிருந்து சலீமுஸ்ஸமான் சித்தீக்கீயும் ரஃபத் ஹுஸைன் சித்தீக்கீயும் அவ்வேரின் சத்துப்பொருள்களைப் பிரித்தெடுத்து வெளியிட்டனர். ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல்கான் நினைவாக ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டனர். இதயத்துடிப்பு மருத்துவத்தில் இன்றும் அப்பெயர் வாழ்கிறது. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் ஐம்பது நோயாளரிடம் கண்ட பயனை பிரிட்டனின் இதயநோய் இதழில் வெளியிட்டார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ‘ரிசர்பின்’ எனும் மூலப்பொருள் பிரிக்கப்பட்டது.

நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் மனநல மருத்துவமனையில் நேதன் கிளைன் என்பவர் ரிசர்பினை நோயாளருக்குக் கொடுத்து 1954-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அம்மருத்துவமனையில் உடைந்த சன்னல் கண்ணாடிகளின் எண்ணிக்கை குறைந்துபோனதை அவர் பின்னாளில் எடுத்துரைத்ததுண்டு. கண்ணாடி உடையாமை ஓர் அளவைதான். ஆயினும் அது சுவரின் அமைதியை அளந்ததேயன்றி, அதனுள் இருந்தவரின் உள்ளத்தை அளக்கவில்லை. அதே ஆண்டுகளில் குருதியழுத்தத்திற்காக ரிசர்பின் உண்டவர்களிற் சிலர் ஆழ்ந்த துயரத்தில் வீழ்ந்தனர் என்ற செய்திகள் வந்தன. வெளியே அடங்கியவர் உள்ளே அழுகின்றாரோ எனும் அச்சம் எழுந்தது.

அச்சத்தையும் அளந்தே தெளியவேண்டும். 1955-இல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் டேவிஸ், ஷெப்பர்ட் இருவரும் பதற்றமும் சோர்வும் உற்றவரைச் சீட்டுமுறையில் பிரித்து, ஒரு சாராருக்கு ரிசர்பினும் மறுசாராருக்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுத்தனர். ரிசர்பின் பெற்றவரே கூடுதலாகத் தேறினர். எனினும் அம்மருந்து துயரம் விளைப்பது எனும் எண்ணமே நூல்களில் நிலைத்தது. அதன் ஆதாரம் வலுவற்றது என்று 2003-இல் வெளியான மறு ஆய்வொன்று வாதிட்டது. ஒப்பீடற்ற செய்திகள் ஒப்பீட்டை வென்றுவிட்ட கதை இது.

இதற்கிடையே அமெரிக்க அரசின் ஆய்வகத்தில் பெர்னார்டு பிராடியின் குழுவினர், ரிசர்பின் மூளையின் செரட்டோனினை வற்றச்செய்வதை 1955-இல் கண்டனர். அங்குப் பயின்று திரும்பிய சுவீடன் நாட்டு அர்வித் கார்ல்ஸன், ரிசர்பினால் அசைவற்றுக் கிடந்த விலங்குகள் எல்-டோப்பா கொடுத்ததும் எழுந்தியங்கியதை 1957-இல் வெளியிட்டார். பார்க்கின்சன் நோய்க்கான மருத்துவம் அவ்வழியே பிறந்தது. 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு அவருக்கும் கிடைத்தது.

இன்றைய முதற்கட்டச் சோதனையில் கருவிகள் பல. கண் ஒரு புள்ளியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் வேகம், நிற்கும் உடலின் தள்ளாட்டம், சொற்களை நினைவில் வைக்கும் திறன், மூளையின் மின்னலை ஆகியன மருந்துக்கு முன்னும் பின்னும் அளக்கப்படுகின்றன. டயஸிபாம் போன்ற மருந்து கண்தாவலைத் தாமதப்படுத்துவதை எண்ணால் காட்டவியலும். மருந்து மூளையின் ஏற்பிகளில் எவ்வளவைப் பற்றியுள்ளது என்பதைப் பெட் ஸ்கேன் காட்டும். இவற்றோடு ஒரு கோட்டைக் காட்டி, ‘உம் மனநிலை இதில் எங்குள்ளது? குறியிடும்’ என்றும் கேட்கின்றனர். நமக்கு இவ்வெளிய கோடே பெரிதாகத் தோன்றுகிறது. கண்ணாடியை எண்ணியவர்கள் கேட்க மறந்த கேள்வி அதிலுள்ளது.

ஆனால் கேட்பதற்கு முன் சொல்லவும் வேண்டும். 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில், மூளையின் நொதி ஒன்றைத் தடுக்கும் புதுமருந்து நலமுள்ள தன்னார்வலருக்கு முதற்கட்டமாகக் கொடுக்கப்பட்டது. ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட மறுநாள் காலையிலும், அச்செய்தி கூறப்படாமலே, மற்றவர்களுக்கு மருந்து தரப்பட்டது. முதலாமவர் இறந்தார். வேறு சிலரின் மூளையில் சேதம் காணப்பட்டது. அங்குக் கருவிகளுக்குக் குறைவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லும் அமானிதமே தவறிற்று.

நம் நாட்டில் சோதனைகளைப் பொதுப்பதிவேட்டில் பதிவது 2009 முதல் கட்டாயம். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் அறநெறிக் குழுவையும், பாதிப்புற்றோர்க்கு இழப்பீட்டையும் வலியுறுத்துகின்றன. எளிதில் ஏய்க்கப்படக்கூடியோரைப் புதிய மூலக்கூறுகளின் சோதனைக்கு உட்படுத்துங்கால் இசைவு பெறுவதை ஒலி-ஒளிப் பதிவு செய்யவும் வேண்டும். ஆயினும் மீன்பாடு குறைந்த பருவத்தில் கடனோடிருக்கும் கோட்டைக்குப்பத்து மீனவர் ஒருவரிடம் பணமும் படிவமும் ஒருங்கே நீட்டப்படுமாயின், அவர் இடும் ஒப்பம் இசைவா, வறுமையா என்பதைச் சட்டம் தனித்துக் கண்டறியாது. அவர் மொழியில், அவருக்கு விளங்கும்வரை, மறுத்தாலும் தீங்கில்லை என்ற உறுதியோடு எடுத்துரைக்கும் மனிதர் வேண்டும். கற்ற நம் இளைஞர்களும் மருத்துவர்களும் ஏற்கத்தக்க பணி இது. அர்ராஸீயின் குறிப்பில் காணப்பெறாத அவ்வொரு வரியை எழுதிச்சேர்ப்பது அவர்தம் வாரிசுகள் என்று பெருமை கொள்ளும் நம் கடன். உள்ளங்களில் உள்ளதை அல்லாஹ்வே நன்கறிந்தவன்.